மறுகால் உடைந்தால்: லிங்க்டு லிஸ்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கீழே வரும் எல்லாச் சோதனைக்கும் இந்த எட்டுப் பெயர்தான் டேட்டா. எட்டு என்பது கண்ணால் எண்ணிச் சரிபார்க்கும் அளவு. பெயர்களின் நீளமும் ஒரே அளவில் இல்லை. அது ஓர் இடத்தில் பெரிய உதவியாக இருக்கும்.

நம் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்குளத்துக்குத் தண்ணீர். மேல்குளத்துக்குத் தெரிந்தது தன் மறுகால் எங்கே போகிறது என்பது மட்டுமே. அதற்கும் கீழே எத்தனை குளம் என்று அதற்குத் தெரியாது. லிங்க்டு லிஸ்டின் நோடும் (டேட்டா வைக்கும் ஒரு கண்ணி) அப்படித்தான். அடுத்த நோடின் முகவரி ஒன்றுதான் அதன் கையில் இருக்கிறது. அந்த முகவரி தொலைந்தாலோ, செத்த நோடைக் காட்டினாலோ, பின்னால் இருப்பதெல்லாம் போயிற்று. இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் வேறு வேறு முகங்கள்.

புரோகிராம் (கோடு) வரிகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. எடிட்டரில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் திருத்துவதற்கு முன்

சி, சி++ என்றால் முதலில் புரோகிராமை -ஜி, -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் என்ற இரண்டு ஃபிளாக்கோடு மறுபடி கம்பைல் செய்து ஓட்டுங்கள். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலரிலும் உண்டு. வேகம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். பிழை இருந்தால், அந்த ஃபிளாக் சேர்க்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனைக் கருவி மூன்று அடுக்காகச் சொல்லும்: செத்த மெமரியை எந்த வரி தொட்டது, அதை எந்த வரி ஃப்ரீ செய்தது (திருப்பிக் கொடுத்தது), முதலில் எந்த வரி அலொகேட் செய்தது (கேட்டு வாங்கியது). பலர் முதல் அடுக்கைப் படித்துவிட்டு அந்த வரியையே திருத்தப் பார்க்கிறார்கள். திருத்த வேண்டிய வரி பெரும்பாலும் இரண்டாவது அடுக்கில் இருக்கும்.

மறு கம்பைல் செய்ய வழியில்லாத இடத்தில் வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி. அது 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து ஓட்டாதீர்கள், ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

சி++ல் இன்னொன்று: _ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_டீபக் என்ற மேக்ரோவை -டி போட்டுக் கொடுத்தால் லைப்ரரியே இட்டரேட்டர்களை (உறுப்பு உறுப்பாக நடக்க உதவும், பாயிண்டர் போன்ற குறிகளை) கண்காணிக்கும். லிஸ்ட், வெக்டர் போன்ற கன்டெய்னர்களின் உள்ளமைப்பே அதில் மாறிவிடுவதால், புராஜெக்ட்டின் எல்லா ஃபைலையும் அதே மேக்ரோவோடு கம்பைல் செய்ய வேண்டும். பாதி ஃபைலில் மட்டும் போட்டால் இல்லாத பிழையெல்லாம் வரும்.

அறிகுறி: இன்சர்ட் செய்கிறேன், லிஸ்ட் காலியாகவே இருக்கிறது

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்பில் முதல் வாரம் எல்லாருக்கும் வருவது. மெயினில் ஹெட் (முதல் நோடின் முகவரி) ‘நல்’ ஆக, அதாவது எதையும் காட்டாத வெற்று முகவரியாக, இருக்கிறது. அதை இன்சர்ட் ஃபங்ஷனுக்கு அனுப்புகிறீர்கள். ஃபங்ஷனுக்குள் போவது ஹெட்டின் நகல். நகலை மாற்றினால் மெயினில் இருக்கும் ஹெட் அப்படியே ‘நல்’ ஆகத்தான் இருக்கும். நீங்கள் உண்டாக்கிய நோடு யார் கையிலும் இல்லாமல் மெமரியில் அநாதையாகக் கிடக்கும்.

ஹெட்டின் முகவரியை அனுப்புங்கள். ஃபங்ஷன் அதை இரட்டை நட்சத்திரப் பாயிண்டராக வாங்கட்டும். புது ஹெட்டை ரிட்டர்ன் செய்யும் வழியும் உண்டு. ஆனால் அழைக்கும் இடத்தில் ‘ஹெட் =’ என்று வாங்கிக்கொள்ள ஒருமுறை மறந்தாலும் அதே கோளாறு திரும்பும், கம்பைலர் வாய் திறக்காது. அதனால் முதல் வழியே மேல்.

முன்னால் சேர்க்கும்போது வரிசை முக்கியம்:

புதுசு->அடுத்து = ஹெட்;
ஹெட் = புதுசு;

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் புது நோடு தன்னையே காட்டும். பிரிண்ட் செய்தால் ஒரே பெயர் நிற்காமல் ஓடும்.

எட்டுப் பெயரும் ஒழுங்காக அச்சாகி, அதற்கு அப்புறம் கிராஷ் ஆனால் கடைசி நோடின் ‘அடுத்து’ பாயிண்டரில் ‘நல்’ வைக்கப்படவில்லை. மெமரி கேட்டு வாங்கும் மலாக் ஃபங்ஷன் அதைச் சுத்தம் செய்து தராது. பழைய குப்பை அப்படியே இருக்கும். ‘அடுத்து = நல்’ என்று கையால் எழுதுங்கள், இல்லாவிட்டால் பூஜ்யமாக்கித் தரும் காலாக் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எல்லா நோடிலும் கடைசிப் பெயரே வருகிறது

எட்டு அணைக்கும் ஸ்ரீவைகுண்டம் என்றே அச்சாகிறதா? நோடில் பெயரை வெறும் கேரக்டர் பாயிண்டராக வைத்து, படிக்கும் பஃபரின் முகவரியை அதில் போட்டிருக்கிறீர்கள். எட்டு நோடும் ஒரே பஃபரைப் பார்க்கின்றன. பஃபரில் கடைசியாக விழுந்தது ஸ்ரீவைகுண்டம். ஸ்டர்டப் செய்து ஒவ்வொரு நோடுக்கும் தனி நகல் கொடுங்கள். நோடை அழிக்கும்போது அந்த நகலை முதலில் ஃப்ரீ செய்துவிட்டு நோடை ஃப்ரீ செய்யுங்கள்.

அறிகுறி: இங்கிலீஷ் பெயரில் சரியாக ஓடுகிறது, தமிழ்ப் பெயர் போட்டால் உடைகிறது

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதும் நமக்குத்தான் இது அடிக்கடி வரும். வெளியூர்ப் பாடங்களில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

நோடு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: முதலில் 32 பைட் பெயர் அரே, அதற்கு அடுத்து 8 பைட் ‘அடுத்து’ பாயிண்டர். மொத்தம் 40 பைட். 32 எழுத்து தாராளம் என்று தோன்றும். ஆனால் யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மெய்யின் புள்ளி ஒரு குறியீடு, உயிர்மெய்யின் கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறியீடு. ‘ம்’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. மெஷினுக்கு 6 பைட்.

இப்போது எண்ணுங்கள். பழவூர் 6 குறியீடு, 18 பைட். மருதூர் 21. நதியுண்ணி, கன்னடியன் இரண்டும் 27. சுத்தமல்லி 30, முடிவுப் பைட்டோடு 31, மயிரிழையில் தப்பியது. ஸ்ரீவைகுண்டம் 13 குறியீடு, 39 பைட், முடிவுப் பைட்டோடு சரியாக 40. அரியநாயகிபுரமும் கோடைமேலழகியானும் 14 குறியீடு, முடிவோடு 43.

அளவு பார்க்காமல் நகலெடுக்கும் ஸ்டர்காப்பி செய்தால் என்ன ஆகும்? ஸ்ரீவைகுண்டத்தின் கடைசி 8 பைட் ‘அடுத்து’ பாயிண்டரின் மேல் அச்சாக உட்காரும். பெயரை எழுதிய பின் ‘அடுத்து = நல்’ போட்டால் லிங்க் தப்பித்துவிடும், பெயர் வெட்டுப்படும்: ‘ஸ்ரீவைகுண்’ வரை வந்து, ‘ட’வின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் மிஞ்சி, திரையில் கேள்விக்குறிக் கட்டம் தெரியும். வரிசையை மாற்றி, முதலில் லிங்க், பிறகு பெயர் என்று எழுதினால் பெயர் அழகாக வரும், அடுத்த அடியில் செக்மென்டேஷன் ஃபால்ட். ஒரே பிழைக்கு இரண்டு அறிகுறி. அதனால்தான் ‘வரியை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று பலர் ஏமாறுகிறார்கள்.

43 பைட் பெயர்கள் இன்னும் மோசம். நோடையே தாண்டி 3 பைட் வெளியே எழுதும். 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி லைப்ரரி, மலாக் செய்த துண்டுகளின் அளவுக் கணக்கை அங்கேதான் வைத்திருக்கிறது. உடனே ஒன்றும் தெரியாது. பிறகு எங்கோ சம்பந்தமில்லாத மலாக்கிலோ ஃப்ரீயிலோ புரோகிராம் விழும்.

இங்கே அட்ரஸ் சானிடைசரை முழுதாக நம்பாதீர்கள். அது கோடைமேலழகியானைப் பிடிக்கும், ஏனென்றால் 40 பைட் துண்டைத் தாண்டிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தை விட்டுவிடும், ஏனென்றால் எழுதியது அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது; ஸ்ட்ரக்சுக்குள் ஒரு உறுப்பு இன்னொன்றின் மேல் வழிவதை அது சாதாரணமாகப் பார்ப்பதில்லை. அதற்குச் சானிடைசரை எடுத்துவிட்டு -ஓ2 போட்டு, _ஃபோர்ட்டிஃபை_சோர்ஸ்=2 என்ற மேக்ரோவோடு கம்பைல் செய்யுங்கள். அரேயின் அளவு 32 என்று கம்பைலருக்குத் தெரிவதால் ‘பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்’ என்று அந்த இடத்திலேயே நிறுத்தும்.

அரேயை 128 ஆக்குவது ஒட்டுப்போடும் வேலை. ரெக்கார்டு நோட்டுக்குப் போதும். எஸ்என்பிரிண்ட்எஃப் வழிவதைத் தடுக்கும், ஆனால் எழுத்தின் நடுவே வெட்டும். நிஜ வேலைக்கு சி-யில் ஸ்டர்டப், சி++ல் எஸ்டிடி ஸ்ட்ரிங். பெயரின் நீளத்தை எப்போதும் ஸ்டர்லென் கொடுக்கும் பைட்டில் அளந்து பாருங்கள், கண்ணால் எண்ணாதீர்கள்.

அறிகுறி: லூப்புக்குள் அழித்தால் கிராஷ், அல்லது சிலது விட்டுப்போகிறது

சி-யில் வழக்கமான தப்பு இது:

ஃப்ரீ(பி);
பி = பி->அடுத்து;

மறுகாலை வெட்டிவிட்டு, தண்ணீர் எங்கே போனது என்று தேடுவது. முதலில் அடுத்ததைத் தனி வேரியபிளில் பிடித்து வையுங்கள், பிறகு ஃப்ரீ, பிறகு நகருங்கள். தப்பான வரிசை சில மெஷினில் ஓடிவிடும். அது உங்களைக் காப்பாற்றுவதில்லை. பிழையை ரிவ்யூ நாள்வரை ஒளித்துவைக்கிறது.

சி++ன் எஸ்டிடி லிஸ்டில் எரேஸ் செய்த நோடின் இட்டரேட்டர் மட்டும்தான் செத்துப்போகும், மற்றதெல்லாம் உயிரோடு இருக்கும். வெக்டரை விட லிஸ்டின் பெரிய பலமே இதுதான். ஆனால் செத்த அந்த ஒன்றையே ++ செய்தால்? ஜிசிசியின் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++, நோடின் முதல் 8 பைட்டில் அடுத்த நோடின் முகவரியை வைக்கிறது. ஃப்ரீ ஆன துண்டின் அதே 8 பைட்டில்தான் ஜிலிப்சி தன் ஃப்ரீ லிஸ்ட் கணக்கை எழுதுகிறது. ஆக லினக்ஸில் பெரும்பாலும் உடனே விழும். வேறு இடத்தில் விழாமலும் போகும்.

எரேஸ் அடுத்த இட்டரேட்டரைத் திருப்பித் தருகிறது, அதை வாங்குங்கள்:

இட் = அணை.எரேஸ்(இட்);

இதை எழுதியவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள். ஃபார் லூப்பின் தலையில் ++இட் அப்படியே இருக்கும். அழித்த ஒவ்வொரு முறையும் இரண்டு அடி நகரும். பழவூர், சுத்தமல்லி இரண்டையும் அழிக்கச் சொல்லுங்கள். சுத்தமல்லி தப்பி நிற்கும். அடுத்தடுத்து இல்லாத இரண்டை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. எனவே டெஸ்ட்டில் எப்போதும் அடுத்தடுத்த இரண்டை அழியுங்கள், முதலாவதை அழியுங்கள், கடைசியை அழியுங்கள், எல்லாவற்றையும் அழியுங்கள்.

கடைசியை அழிக்கும்போது வேடிக்கையான ஒன்று நடக்கும். எரேஸ் எண்டைத் தரும், தலையில் இருக்கும் ++ அதையும் தாண்டும். இது ஸ்டாண்டர்டுப்படி தடை. லிப்எஸ்டிடிசி++ன் லிஸ்ட் உள்ளே வளையமாக இருப்பதால் எண்டைத் தாண்டினால் மறுபடி முதல் நோடு. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்புறம் கோடைமேலழகியான் மீண்டும் அச்சானால் காரணம் இதுதான்.

சரியான வடிவம்: ஃபார் தலையில் மூன்றாவது பகுதியைக் காலியாக விடுங்கள். அழித்தால் இட் = எரேஸ், அழிக்காவிட்டால் எல்ஸில் ++இட். அதைவிட நல்லது லூப்பே எழுதாமல் ரிமூவ்_இஃப் மெம்பர் ஃபங்ஷனைக் கூப்பிடுவது. சி++20ல் எஸ்டிடி எரேஸ்_இஃப்பும் இருக்கிறது. எத்தனை போயிற்று என்று எண்ணிக்கையும் தரும்.

ஜாவாவில் ஃபார்-ஈச்சுக்குள் லிஸ்ட்.ரிமூவ் செய்தால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன். பெயரைப் பார்த்து த்ரெட் பிரச்சினை என்று தேடப் போகாதீர்கள். ஒரே த்ரெட்டில் இது வரும். எக்செப்ஷன் ரிமூவ் வரியில் வராது, அடுத்த சுற்றின் நெக்ஸ்ட்டில் வரும். இதைவிட ஆபத்தானது எக்செப்ஷனே வராத சந்தர்ப்பம்: கடைசிக்கு முந்தையதை, அதாவது மருதூரை, அழியுங்கள். அளவு 7 ஆகிறது, இட்டரேட்டரும் 7ல் நிற்கிறது. ‘இன்னும் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்து லூப் முடிந்துவிடும். ஸ்ரீவைகுண்டத்தைப் பார்க்கவே இல்லை, ஒரு செய்தியும் வராது. இட்டரேட்டரின் சொந்த ரிமூவைப் பயன்படுத்துங்கள். ஜாவா 8 முதல் ரிமூவ்இஃப் இருக்கிறது.

ஜாவாவிலேயே இன்டிஜர் லிஸ்ட் என்றால் ரிமூவ்(5) என்பது 5 என்ற மதிப்பை அழிக்காது, ஐந்தாம் இன்டெக்ஸை அழிக்கும். மதிப்பை அழிக்க இன்டிஜர்.வேல்யூஆஃப்(5) என்று கொடுக்க வேண்டும்.

அறிகுறி: அழித்தேன், அளவு குறையவில்லை, சார்ட் கம்பைல் ஆகவில்லை, டூப்ளிகேட் போகவில்லை

மூன்றுக்கும் மூலம் ஒன்று: மெம்பர் ஃபங்ஷன் இருக்கும் இடத்தில் பொதுவான அல்காரிதத்தைக் கூப்பிடுவது, அல்லது அதன் நிபந்தனையை மறப்பது. எஸ்டிடி ரிமூவ் எதையும் அழிக்காது. வேண்டியதை முன்னால் தள்ளிவிட்டுப் புது முடிவைத் தரும். லிஸ்டின் சொந்த ரிமூவ்தான் நோடை அழிக்கும். எஸ்டிடி சார்ட்டுக்கு ரேண்டம் ஆக்சஸ் இட்டரேட்டர் வேண்டும். லிஸ்டில் அது இல்லாததால் மைனஸ் ஆபரேட்டர் இல்லை என்று பக்கம் பக்கமாக எர்ரர் வரும், அணை.சார்ட்() என்று எழுதினால் போதும், அது சமமானவற்றின் பழைய வரிசையையும் காக்கும். யூனிக் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரட்டையை மட்டுமே நீக்கும், முதலில் சார்ட் செய்யுங்கள். மெர்ஜ் செய்ய இரண்டு லிஸ்டும் முன்பே சார்ட் ஆகியிருக்க வேண்டும்.

அறிகுறி: முன்னால் போனால் சரி, பின்னால் வந்தால் ஒன்று குறைகிறது

டபிள் லிங்க்டு லிஸ்டைக் கையால் எழுதினால் வரும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயில் பாதையை லிஸ்டாக வைத்து, கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே சோதனைக்கு ஒரு ஸ்டேஷனைச் செருகுங்கள். மாற வேண்டிய லிங்க் நான்கு: புதிதின் ‘முன்’ (முந்தைய நோடைக் காட்டுவது), புதிதின் ‘அடுத்து’, கல்லிடைக்குறிச்சியின் ‘அடுத்து’, அம்பாசமுத்திரத்தின் ‘முன்’. பெரும்பாலும் விடுபடுவது கடைசி. அதனால் தென்காசி போகும் வண்டிக்கு ஸ்டேஷன் தெரியும், திரும்பி வரும் வண்டிக்குத் தெரியாது.

ஒவ்வொரு இன்சர்ட், டெலீட்டுக்கும் பிறகு முழு லிஸ்டையும் நடந்து, பி->அடுத்து->முன் என்பது பி-யே தானா என்று அசெர்ட் போடுங்கள். ஐந்து வரி கோடு, எத்தனையோ மணி நேரத்தை மிச்சம் செய்யும்.

அறிகுறி: நிற்காமல் ஓடுகிறது, சிபியு 100 சதவீதம்

லிஸ்டில் வளையம் விழுந்துவிட்டது. ஆற்றில் கீழே போன தண்ணீர் மேலே ஏறாது, பாயிண்டர் ஏறும். ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டிக் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்துங்கள். பேக்ட்ரேஸ் எடுத்து, பி-யையும் பி->அடுத்துவையும் பிரிண்ட் செய்து பத்துப் பதினைந்து அடி நகர்ந்து பாருங்கள். அதே முகவரி திரும்ப வந்தால் உறுதி.

நோடு ஆயிரக்கணக்கில் இருந்தால் ஃப்ளாய்டின் முறை: ஒரு பாயிண்டர் ஓரடி, இன்னொன்று ஈரடி. இரண்டும் சந்தித்தால் வளையம் உண்டு. சந்தித்த பிறகு ஒன்றை ஹெட்டுக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஓரடியாக நடத்துங்கள். மறுபடி சந்திக்கும் நோடுதான் வளையம் தொடங்கும் இடம். அந்த நோடின் டேட்டாவைப் பார்த்தால் எந்த இன்சர்ட் கெடுத்தது என்று பெரும்பாலும் புரிந்துவிடும். மூலகாரணம் வழக்கமாக, ஏற்கெனவே லிஸ்டில் இருக்கும் நோடையே பிரிக்காமல் மறுபடி சேர்த்தது.

அறிகுறி: சரியாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

முதலில் தேட வேண்டியது லூப்புக்குள் இன்டெக்ஸ். சி++ல் எஸ்டிடி நெக்ஸ்ட்(பிகின், ஐ), ஜாவாவில் கெட்(ஐ). ஒவ்வொரு அழைப்பும் நோடு நோடாக நடக்கும். ஒரு லட்சம் உறுப்புக்குச் சி++ல் சுமார் 500 கோடி அடி. ஜாவாவின் லிங்க்டு லிஸ்ட் எந்த முனை பக்கமோ அங்கிருந்து தொடங்குவதால் அதில் பாதி. இட்டரேட்டரால் நடந்தால் அதே வேலை ஒரு லட்சம் அடியில் முடியும். பைத்தானின் டெக்கும் உள்ளே 64 உறுப்புக் கட்டங்களைக் கோத்த லிங்க்டு லிஸ்ட்தான். இரு முனையும் வேகம், நடு இன்டெக்ஸ் மெதுவு.

இன்டெக்ஸ் இல்லாமலும் மெதுவாக இருந்தால் கன்டெய்னரே தப்பாக இருக்கலாம். 64 பிட்டில் ஒரு இன்ட் வைக்கும் நோடு: இரண்டு பாயிண்டர் 16, இன்ட் 4, இட்டு நிரப்ப 4, ஆக 24, மலாக்கின் கணக்கோடு 32 பைட். வெக்டரில் அதே இன்ட் 4 பைட். பத்து லட்சம் இன்ட்டுக்கு 3.2 கோடி பைட்டா, 40 லட்சம் பைட்டா? போதாக்குறைக்கு சிபியு ஒருமுறையில் இழுக்கும் 64 பைட் கேஷ் லைனில் வெக்டர் 16 இன்ட்டை ஒரே மூச்சில் கொண்டுவரும். லிஸ்டில் ஒவ்வொரு நோடும் எங்கெங்கோ கிடக்கும்.

‘நடுவே சேர்ப்பது லிஸ்டில் வேகம்’ என்று பாடத்தில் படித்தது உண்மைதான், சேர்க்கும் இடம் ஏற்கெனவே கையில் இருந்தால். இடத்தைத் தேடித்தான் போக வேண்டும் என்றால் தேடும் நேரமே எல்லாவற்றையும் விழுங்கும். சந்தேகம் வந்தால் வெக்டரில் தொடங்குங்கள். லிஸ்டுக்கு உரிய இடம் வேறு: உறுப்பின் முகவரி மாறவே கூடாது என்ற தேவை, ஒரு லிஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நோடை நகல் எடுக்காமல் மாற்றும் ஸ்ப்ளைஸ், அடுத்து வரும் கேஷ்.

சைஸ் கேட்பதே மெதுவாக இருந்தால் கம்பைலரின் வயதைப் பாருங்கள். சி++11 லிஸ்டின் சைஸ் உடனே பதில் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஜிசிசி அதை 2015ல் வந்த 5ஆம் பதிப்பில்தான் செய்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் எண்ணியது. காலியா என்று பார்க்க எம்ப்டியைக் கேளுங்கள், எந்தப் பதிப்பிலும் அது உடனே வரும். இதே மாற்றத்தால், பழைய ஏபிஐயில் (கம்பைல் ஆன பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதி) கட்டிய லைப்ரரியைப் புதியதோடு லிங்க் செய்தால் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ எர்ரரில் சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற சொல் தெரியும். லைப்ரரியை மறுபடி கட்டுவதே நல்ல வழி.

அறிகுறி: எல்ஆர்யு கேஷ் சில மணி நேரம் ஓடிவிட்டுக் குழம்புகிறது

எல்ஆர்யு கேஷ் என்றால் நெடுநேரம் தொடாததை முதலில் வெளியேற்றும் சேமிப்பு. கடைசியாகத் தேடிய 100 பஸ் தடங்களை நினைவில் வைக்கும் கேஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிடி லிஸ்ட் ஒன்று, சாவியிலிருந்து லிஸ்ட் இட்டரேட்டருக்குப் போகும் அன்ஆர்டர்டு மேப் ஒன்று. இரண்டும் எப்போதும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் லிஸ்டின் சைஸும் மேப்பின் சைஸும் சமமா என்று அசெர்ட் போட்டு ஓட்டுங்கள். எங்கே பிரிகிறது என்று அதுவே காட்டும்.

லிஸ்ட் பெரிதாக இருந்தால், ஏற்கெனவே இருக்கும் சாவிக்குப் புது நோடைப் புஷ்_ஃப்ரண்ட் செய்து, பழையதை அழிக்காமல் விட்டிருக்கிறீர்கள். இருக்கும் சாவி என்றால் மதிப்பை அதே நோடில் மாற்றி, ஸ்ப்ளைஸால் முன்னால் நகர்த்துங்கள்:

தடம்.ஸ்ப்ளைஸ்(தடம்.பிகின்(), தடம், இட்);

நோடு இடம் மாறுமே தவிர இட்டரேட்டர் செல்லும்; மேப்பைத் தொட வேண்டியதில்லை. எரேஸ் செய்து புஷ்_ஃப்ரண்ட் செய்பவர்கள் மேப்பில் புது இட்டரேட்டரைப் போட மறப்பதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம்.

மேப் பெரிதாக இருந்தால், வெளியேற்றும்போது லிஸ்டில் மட்டும் பாப்_பேக் செய்திருக்கிறீர்கள். வரிசை: முதலில் கடைசி நோடின் சாவியைக் கொண்டு மேப்பில் அழியுங்கள், பிறகு பாப்_பேக். திருப்பிச் செய்து, பேக்கின் சாவியை ரெஃபரன்ஸாக வைத்திருந்தால் செத்த நோடின் சாவியைக் கொண்டு மேப்பில் தேடுவீர்கள்.

இரண்டு சைஸும் சமம், இருந்தும் ஒரு கேஷில் செய்த மாற்றம் இன்னொன்றில் தெரிகிறதா? கேஷ் ஆப்ஜெக்ட்டை எங்கோ காப்பி செய்திருக்கிறீர்கள். லிஸ்டுக்குப் புது நோடுகள் கிடைத்தன. மேப்பின் இட்டரேட்டர்களோ பழைய லிஸ்டையே காட்டுகின்றன. காப்பி கன்ஸ்ட்ரக்டரையும் காப்பி அசைன்மென்டையும் டெலீட் என்று அறிவித்துவிடுங்கள், எந்த இடம் என்று கம்பைலர் காட்டிக்கொடுக்கும். மூவ் செய்தால் உறுப்புகளின் இட்டரேட்டர்கள் செல்லும், எண்டைச் சேமித்து வைத்திருந்தால் அது மட்டும் நம்பத்தக்கதல்ல.

காலி லிஸ்டில் பாப்_ஃப்ரண்ட் செய்வதும் இங்கேதான் வரும். சைஸ் 18446744073709551615 என்று காட்டினால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது: பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறது.

அறிகுறி: வேலையெல்லாம் முடிந்து, வெளியேறும்போது கிராஷ்

தான் காட்டும் நோடைத் தன்னோடு சேர்த்து அழிக்கும் யுனிக்_பாயிண்டரால் ‘அடுத்து’வை எழுதிய லிஸ்டில் நோடு அதிகமானால் வரும். ஹெட் அழியும்போது அது அடுத்ததை அழிக்கும், அது அதற்கடுத்ததை. ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான மெமரி) நிறையும். லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி; நோடுக்கு 100 பைட் போனாலும் 83 ஆயிரம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். விண்டோஸில் 1 எம்பி, பத்தாயிரம் சொச்சத்திலேயே முடியும். எட்டு நோடு வைத்து டெஸ்ட் செய்தால் இது தெரியாது, பத்து லட்சம் வைத்து ஓட்டிப் பாருங்கள். டிஸ்ட்ரக்டரில் ஒரு வைல் லூப் போதும், ஹெட் இருக்கும்வரை:

ஹெட் = மூவ்(ஹெட்->அடுத்து);

ரஸ்ட்டில் பாக்ஸ் வைத்து எழுதிய லிஸ்டுக்கும் இதே கோளாறு, இதே மருந்து.

கிராஷ் இல்லை, மெமரி மட்டும் திரும்ப வரவில்லை என்றால் ‘முன்’, ‘அடுத்து’ இரண்டையும் ஷேர்டு_பாயிண்டராக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரு நோடும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாகாமல் இருக்கும். ‘முன்’னை வீக்_பாயிண்டராக்குங்கள். வால்கிரைண்ட் லீக் இல்லை என்று சொல்லியும் டாப் கமாண்டில் மெமரி குறையாமல் தெரிந்தால், ஜிலிப்சி அடுத்த தேவைக்கு வைத்திருக்கிறது. மலாக்_ட்ரிம்(0) கூப்பிட்டால் முடிந்ததைத் திருப்பிக் கொடுக்கும்.

லினக்ஸ் கெர்னல் மாட்யூல் எழுதுபவர்களுக்கு

ஊப்ஸ் என்ற கெர்னல் பிழைச் செய்தியில் ‘டெட்’ என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரி தெரிந்தால், லிஸ்ட்_டெல் செய்த நோடை மறுபடி தொட்டிருக்கிறீர்கள். அழித்த நோடின் இரு லிங்க்கிலும் கெர்னல் வேண்டுமென்றே வைக்கும் விஷ மதிப்பு அது. கன்ஃபிக்_டீபக்_லிஸ்டை ஆன் செய்தால் ‘லிஸ்ட்_டெல் கரப்ஷன்’ என்று முன்கூட்டியே சொல்லும். லூப்புக்குள் அழிக்க, பெயரில் சேஃப் என்று முடியும் மேக்ரோவை எடுங்கள். அது காப்பது இப்போதைய நோடை நீங்கள் அழிப்பதை மட்டும். லூப்பின் உள்ளே அடுத்த நோடையும் சேர்த்து அழித்தாலோ, வேறு த்ரெட் அழித்தாலோ அது காக்காது, லாக் வேண்டும்.